வேற்றுக் கிரகத்தில் ஒரு வேலிச் சண்டை

இது நடந்தது போன வருடம், ஆவணி மாதத்து வெக்கையில், அரியாலையில் எங்கள் வீட்டு ஹோலில்தான். பெரிய இடத்துச் சம்பவம் என்று நினைத்து வாசிக்க வேண்டாம். ஒரு பழைய ரீவி, நாலைந்து பிளாஸ்ரிக் கதிரை, பிறகு என் வாய். இவ்வளவுதான் இதற்கு வேண்டியிருந்தது. வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கொஞ்சம் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் என்றால் என் வீட்டுக்காரர். கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவர். சந்தைக்குப் போகிற பெண்கள் கத்தரிக்காய் மூட்டையோடு மற்ற பஸ்களை விட்டுவிட்டு இவருடைய பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்களாம். ஓட்டம் நல்லது என்பதற்காக மட்டுமில்லை. ஏறினால் இறங்கும் வரைக்கும் கதை கேட்கலாம் என்பதற்காகவும்தான். என் வாய் நீளம் என்றேனே, இவருக்கு முன்னால் நான் ஊமை.

அந்த மனுசனைச் சீனி வருத்தம் பிடித்தது. காலைப் பிடிக்கும், சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்று நாங்கள் பயந்துகொண்டிருக்க, அது கண்ணைப் பிடித்தது. வெட்டியும் பார்த்தார்கள், ஊசி போட்டும் பார்த்தார்கள். கடைசியில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் மட்டும்தான் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அறைக்குள் போனவர், பிறகு வெளியே வரவில்லை. குளிக்கவும் சாப்பிடவும் வருவார், அது கணக்கில்லை. வாசல் படலையைத் தாண்டவில்லை. தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது. கூட ஓடிய டிரைவர்மார் பார்க்க வந்தால் நித்திரை மாதிரிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர்களும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரீவி போட்டால், குருடன் இருக்கிற வீட்டில் உது என்னத்துக்கு என்பார். நானும் விட்டுவிட்டேன்.

இவர் கதைக்காத வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. மகள் கொழும்பில் வேலை. போன் எடுக்கிற நேரமெல்லாம் அப்பா கதைக்கிறாரா என்று கேட்டு அழுவாள். நான் குசினிக்குள் நின்று அழுதேன், அறை வாசலில் நின்று ஏசினேன், கோயிலில் நேர்த்தி வைத்தேன். எனக்கு இவருடைய பார்வை திரும்ப வரும் என்ற பேராசை இல்லை. இந்த மனுசன் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும், ஆட்களோடு ஆளாக இருக்க வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது. அதற்குத்தான் வழி தெரியவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் இவருக்கு மருந்து வாங்க ரவுனுக்குப் போனேன். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் படக்கடை ஒன்றை மூடப்போகிறார்கள் போல, டிவிடி எல்லாவற்றையும் கூடையில் குவித்து வாசலில் வைத்திருந்தார்கள். இந்தக் காலத்தில் யார் டிவிடி வாங்குகிறார்கள்? நானும் கடந்து போயிருப்பேன். மேலே கிடந்த ஒன்றின் மட்டை என்னை நிற்பாட்டியது. நாலு கையுள்ள இயந்திர மனிதன், பக்கத்தில் தலைக்கவசம் போட்ட பெண், பின்னால் கடல் மாதிரி ஒரு கிரகம், கீழே பெரிதாக இரண்டு என்ற இலக்கம். கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கடை படம்!

எங்கடை படம் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் ஊரில் கரண்ட் இல்லை. படம் பார்ப்பதென்றால் ஒழுங்கைப் பெடியள் எல்லாரும் சேர்ந்து ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல தமிழ்ப் படம் கிடைக்காத நாளெல்லாம் கசெட்காரன் இந்த ஆங்கிலப் படத்தைத்தான் தருவான். அதுவும் இரண்டாம் பாகம். முதலாம் பாகத்தை ஒருவரும் கண்டதில்லை, அதற்காக ஒருவரும் கவலைப்பட்டதும் இல்லை. ஏனென்றால் ரீவிக்குப் பக்கத்தில் இவர் நின்று, ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி எல்லாவற்றையும் தமிழில் சொல்லுவார். கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், ஆகவே இவருடைய ஆங்கிலத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இவர் சொன்ன கதை இதுதான். அந்தத் தண்ணீர்க் கிரகம் கதாநாயகிக்குத் தாய்வழியில் வந்த சொத்து. பக்கத்துக் கிரகத்துக் கொமாண்டர் வருடா வருடம் வேலி அடைக்கிற சாட்டில் கதியால் தடிகளை இவர்கள் பக்கம் தள்ளித் தள்ளி நட்டு எல்லையைப் பிடித்துவிட்டான். கப்பல் கப்டன் அவளுக்குத் தாய்மாமன், நியாயம் கேட்கப் போகிறார். எல்லைக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த நாலுகை இயந்திரம். அதனால்தான் அதைப் பிடிக்க இவ்வளவு வெடி, இவ்வளவு நெருப்பு.

சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. எங்களூரில் வேலிச் சண்டை விளங்காத ஆள் இருக்கிறதா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த நேரம் உண்மையாகவே கோட்டில் ஒரு எல்லை வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் முன்வரிசையில் சப்பாணி கட்டி இருந்து கொமாண்டரை மண்ணள்ளித் தூற்றாத குறை. புதுப் பெண்ணாக ஓரமாய் நின்ற நான், இப்படிப் படித்த மனுசனையா கட்டியிருக்கிறேன் என்று பூரித்துப் போனேன். உண்மையைச் சொன்னால், தாலி கட்டின அன்று வராத ஆசை எனக்கு அந்தப் படத்தன்றுதான் இவர்மேல் வந்தது.

டிவிடியை வாங்கிக்கொண்டு வந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இவர் அறைக்குள் போன பிறகு, மகள் விட்டுவிட்டுப் போன பிளேயரைத் தூசி தட்டி, இரண்டு குட்டுக் குட்டி, போட்டேன். தொடக்கத்தில் ஊதுகிற அந்தச் சங்கு மாதிரிச் சத்தம் வந்ததும் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது, என்ன சனியன் அது, நிப்பாட்டும் என்று. நான் நிற்பாட்டவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். சொன்னதைக் கேட்காமல் விடுவதில் எனக்கு நல்ல அனுபவம்.

பிறகு நான் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினேன். வானொலியில் கிரிக்கெட் சொல்லுவார்களே, அந்த மாதிரி. கப்பல் வருகிறது, சாம்பல் நிறம், பக்கவாட்டில் ஓட்டை, உள்ளே அந்தப் பெண் இருந்து ஓட்டுகிறாள், தலைமயிரைக் குட்டையாய் வெட்டியிருக்கிறாள். அறையிலிருந்து சத்தமே இல்லை. ஆனால் கட்டில் கிரீச்சிடவும் இல்லை. ஆள் அசையாமல் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது.

இந்த முப்பது வருடத்தில் நானும் கொஞ்சம் ஆங்கிலம் பிடித்திருந்தேன். மகளுக்குப் படிப்பிக்க இருந்து படித்தது, பிறகு பாடசாலை அலுவலகம் ஒன்றில் வேலை செய்து படித்தது. படத்துக்குக் கீழே எழுத்தும் ஓடியது. வாசிக்க வாசிக்க எனக்குத் தலை சுற்றியது. படம் கால்வாசி ஓடிவிட்டது, காணி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் எரிபொருளைப் பற்றியே கதைக்கிறார்கள். கப்டன் தாய்மாமனும் இல்லை, ஒரு மாமனும் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு ஆள்.

"இஞ்சாருங்கோ," என்று கத்தினேன். "இதிலை வேலிச் சண்டை ஒண்டும் இல்லையே!"

ரீவிச் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு அறைக்குள்ளிருந்து, "இருக்கு. வடிவாப் பாரும்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, தண்ணி தாரும், சாப்பாடு போதும், நிப்பாட்டும் என்பதைத் தவிர இவர் வாயிலிருந்து வந்த முதல் கதை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். இல்லவே இல்லை, இது எண்ணெய்ப் பிரச்சினை என்றேன். உந்தப் படத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்றார். எழுத்தில் போடுகிறான், வாசிக்கிறேன் என்றேன். எழுதினவனுக்குப் படம் விளங்கேல்லை என்றார்! அப்போதுதான் கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு அறை வாசல்வரை வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். நான் காணாத மாதிரி ரீவியையே பார்த்துக்கொண்டு தொடர்ந்து சொன்னேன்.

கப்பல் இரண்டு மலைக்கு நடுவால் பாய்கிற இடம் வந்தது. கப்பல் திரும்பி வெளியே வந்துவிட்டது என்றேன். அதோடு மனுசனுக்குப் பொறுமை போய்விட்டது. எந்தப் பக்கம் திரும்பினது, முன்பக்கம் எவ்வளவு தாழ்ந்தது, மலை எவ்வளவு கிட்ட, வேகத்தைக் குறைத்தாளா குறைக்கவில்லையா? நீர் சொல்லுற மாதிரி வெட்டினால் வண்டி குடை சாயும் என்று என்னை ஏசினார். பின்னுக்கு ஓட்டித் திரும்பப் பார்த்துச் சொன்னேன். அதுவும் சரிவரவில்லை, இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். கண் இருந்தும் இவ்வளவு நாளும் நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மெல்ல மெல்ல இடம், வலம், உயரம், தூரம் எல்லாம் சொல்லப் பழகினேன். இவர் எப்போது வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார் என்று எனக்கே தெரியாது.

படம் முடிந்த பிறகு கேட்டேன், முப்பது வருடமாய் ஊரையே ஏமாற்றியிருக்கிறீர்களே, வெட்கமில்லையா என்று. தாடிக்குள் சிரித்தார்.

"எனக்கு உவங்கடை இங்கிலிசு ஒரு சொல்லும் விளங்கேல்லை. சனம் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்குது. நீரும் தூணோடை நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனீர். நான் என்ன செய்ய?"

நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா மதிலடியில் வந்து நின்றார். எங்கள் சத்தத்தைக் கேட்டுப் புருசன் பெண்சாதி சண்டை என்று விலக்குப் பிடிக்க வந்தவர். விசயத்தைச் சொன்னதும் அவருக்கு என்மேல்தான் கோபம். எத்தனை தரம் பார்த்த படம், வேலிச் சண்டை இல்லையென்றால் வேறு என்ன, உனக்குக் கண்ணில் கோளாறோ என்று என்னைக் கேட்டார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லி வளர்த்தவராம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், தம்பி கதை சொல்லட்டும், எல்லாரும் திரும்பப் பார்ப்போம் என்று அவரே முடிவுகட்டிவிட்டுப் போனார்.

இவர் முகம் மாறிவிட்டது. எழும்பி அறைப்பக்கம் திரும்பினார்.

"சனம் படம் பாக்க வராது. என்னைப் பாக்கத்தான் வரும்."

இதுதான் அடியில் கிடந்த விசயம் என்று அப்போது விளங்கியது. கண் போனது ஒரு பக்கம். தன்னை மற்றவர்கள் பார்ப்பார்கள், தான் அவர்களைப் பார்க்க முடியாது, அதுதான் இவரை அறைக்குள் பூட்டி வைத்திருந்தது. நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் இவர் இன்னும் இறுகிவிடுவார். சரி, நீங்கள் படுங்கோ, நான் தனியச் சொல்லுகிறேன், ஆனால் உள்ளதை உள்ளபடிதான் சொல்லுவேன், எண்ணெய்ப் பிரச்சினை என்று என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில், சலூன்காரரை ஒருக்கால் வீட்டுக்கு வரச் சொல்லும் என்றார். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சாமிப் படத்துக்கு முன் கைகூப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் கொள்ளாத சனம். விறாந்தையிலும் ஆட்கள் நின்று யன்னலால் பார்த்தார்கள். இவருடன் ஓடிய டிரைவர்மார் இருவர், அந்தக் காலத்தில் மண்ணில் இருந்து படம் பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அக்காவின் பேத்தி ஒருத்தி இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்கிக் கம்பஸில் படிக்கிறவள், அவளும் வந்திருந்தாள். இவர் வெள்ளைச் சேட்டும் சாரமுமாய், மழித்த முகத்தோடு, ரீவிக்குப் பக்கத்தில் இருந்தார். சாரத்தின் மடிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் மற்றப் பக்கம்.

தொடக்கத்தில் குரல் எழும்பவில்லை. பின்னால் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் படத்தைச் சொன்னேன், இவர் பேச்சைச் சொன்னார். கொமாண்டர் முதன்முதல் வந்து சிரித்ததும், அக்கா முன்வரிசையிலிருந்து, வந்திட்டான் கதியால் கள்ளன் என்றார். ஹோல் முழுக்கச் சிரித்தது. அதோடு இவருக்குத் தொண்டை திறந்தது. பிறகு யார் பிடிப்பது? தாய்மாமனுக்கு ஒரு குரல், கொமாண்டருக்கு ஒரு குரல், இயந்திரத்துக்கு மூக்கால் ஒரு குரல். கீழே ஓடிய ஆங்கிலத்தை வாசித்த கம்பஸ் பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பேசாமல் இரு என்று நானும் கண்ணாலேயே சொன்னேன்.

கடைசிக் கட்டம். எரிபொருள் முடிந்த கப்பல், கடலில் தெரிகிற பாறைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். பின்னால் கொமாண்டர். அந்த நேரம் பார்த்துப் படம் சதுரம் சதுரமாய் உடைந்து, அப்படியே நின்றுவிட்டது.

நான் பாய்ந்து போய் டிவிடியை எடுத்து, ஊதி, சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பப் போட்டேன். இல்லை. இன்னொரு தரம். ரீவி நீலமாய் நின்றது. இவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த மனுசன், இந்தச் சனத்துக்கு முன்னால் இப்படி முடிந்தால், இனி ஒருநாளும் வரமாட்டார். பின்னால் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. பரவாயில்லை அண்ணை, விடுங்கோ, இன்னொரு நாளைக்குப் பார்ப்போம் என்று டிரைவர்மாரில் ஒருவர் ஆறுதல் சொன்னார்.

இவர் எழும்பினார்.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ. எனக்குப் பாதை தெரியும். நான் இறக்கிறன்."

இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஸ்ரேறிங்கைப் பிடித்தார். அங்கே ஸ்ரேறிங் இருந்தது. நான் கண்டேன், அங்கிருந்த எல்லாரும் கண்டார்கள். இடப்பக்கம் பாறை, கண்ணாடியில் உரசுகிற தூரம், அவள் பிரேக்கில் கால் வைக்கவில்லை, வைத்தால் மூக்குக் குத்தும், கியரைக் குறைக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. கதிரையைப் பிடிக்கவில்லை. சனம் காலை இழுத்து வழிவிட, ஹோலின் நடுவுக்கே வந்துவிட்டார். கண் தெரிந்த நாங்கள் இத்தனை பேரும் ரீவியில் ஒன்றும் தெரியாமல் இருக்க, இவர் ஒருவர்தான் அந்தக் கடலைக் கண்டுகொண்டிருந்தார். வலக்கையால் ஒரு வெட்டு வெட்டி, இறங்கிவிட்டது என்று சொன்னபோது, விறாந்தையில் நின்றவர்களும் மூச்சு விட்டது கேட்டது.

அதோடு விட்டாரா? கொமாண்டர் கையெடுத்துக் கும்பிட்டான், எல்லைக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள், நாலுகை இயந்திரம் ஒரே நேரத்தில் நாலு கதியால் நட்டு ஒரே நாளில் வேலியை அடைத்து முடித்தது. அக்கா எழும்பி நின்று கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். கூரை ஓடு பறக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை.

உண்மையான படத்தில் அந்த இயந்திரம் கடலில் தாழ்ந்து போய்விடுகிறது. நான் வீட்டில் பார்த்தேனே. கம்பஸ் பிள்ளை மெதுவாய் என்னிடம் வந்து, அன்ரி, உண்மையாய் இப்படித்தான் முடியுதோ என்று கேட்டாள். ஓம் பிள்ளை, இப்படித்தான் என்றேன். கொஞ்சமும் கூசவில்லை.

டிரைவர்மார் இருவரும் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுத்த நாள் காலை கொடிகாமம் பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து ஹோன் அடித்தது. இவர் என் தோளில் கை வைத்துப் படலையைத் தாண்டினார். முன் சீற்றில் ஏற்றி வைத்தார்கள். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் போய்வருகிறார். எந்த வளைவில் பஸ் திரும்புகிறது என்று குலுக்கலை வைத்தே சொல்லி, இறங்க வேண்டியவர்களை எழுப்பிவிடுகிறாராம். சந்தைக்குப் போகிற பெண்கள் திரும்பவும் அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள் என்று கேள்வி. முதலாம் பாகத்தைத் தேடி எடுத்துத் தரட்டா என்று மகள் கேட்டாள். வேண்டாம், அதை நான் சொல்லிக்கொள்ளுகிறேன் என்றுவிட்டார்.

போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, முன் சீற்றில் இருக்கிற இவரைக் காட்டி, பாவம், கண் தெரியாத மனுசன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் இறங்கும்வரைக்கும் இந்தக் கதை முழுவதையும் சொல்லித்தான் விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோலில் இருந்து பார்த்தவள் நான், இவரைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல இனி யாருக்கும் உரிமையில்லை, எனக்கும்கூட.